மாணவர் மகிழ்ச்சிப் பிரிவு

பருத்தித்துறையில் இளையதம்பியின் மகன் கஜானனுடைய படம் இரண்டாவது தடவையாகச் சந்தியில் ஏறியது. முதல் தடவை ஏறியபோது நிறத்தில் ஏறியது. தலையில் சதுரத் தொப்பி, தோளில் சிவப்புப் பட்டி, கையில் சுருட்டிய கடதாசி, மேலே ‘வாழ்த்துகிறோம்’ என்று பெரிய எழுத்து. யாழ்ப்பாணத்துத் துருவம் சர்வதேச உயர்கல்வி வளாகம் தன் சொந்தச் செலவில் கட்டிய பதாகை அது. அந்தச் சொந்தச் செலவு ‘மகிழ்வூட்டல் கட்டணம்’ என்ற பெயரில் தன் கல்விக் கடனில் சேர்ந்திருப்பதைக் கஜானன் பிறகுதான் கண்டான்.

இரண்டாவது தடவை ஏறியதும் அதே படம்தான். ஆனால் கறுப்பு வெள்ளையில் ஏறியது.

வளாகம் அந்த மாதம் ஒரு புதுக் கொள்கையை வகுத்திருந்தது. கடனைக் கட்டாத பட்டதாரிகளின் பெயரை அவரவர் ஊர்ச் சந்தியில் பதாகையாகக் கட்டினால் வெட்கத்தில் கட்டிவிடுவார்கள் என்பது அந்தக் கொள்கை. ‘ஆழ்ந்த கவலையுடன் அறியத்தருகிறோம்’ என்று தலைப்பு எழுதி, கீழே பெயரும், அதற்கும் கீழே பொடி எழுத்தில் நிலுவை விபரமும் போட்டு, பருத்தித்துறை அச்சகம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். நிறத்தில் அடித்தால் செலவு கூட என்பதால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கியும் அனுப்பினார்கள். அச்சகக்காரன் கறுப்பு வெள்ளைப் படம் எது வந்தாலும் இரண்டு பக்கமும் குத்துவிளக்கும் கீழே தாமரைப்பூவும் வைத்துப் பழகியவன். இதற்கும் வைத்தான். யாரையும் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் சந்தியில் கறுப்பு வெள்ளையில் தொங்குகிறவன் செத்தவன். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று சைக்கிளை நிறுத்தி வாசிக்கிற வழக்கம் கிடையாது. படத்தைப் பார்க்கிறது, “ஐயோ, இளையதம்பியின்ரை பெடியனெல்லோ” என்று நெஞ்சில் கைவைக்கிறது, வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

பதாகையைக் கட்டியபோது கஜானன் யாழ்ப்பாணம் போகும் முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டிருந்தான். அப்பாவின் படகு எஞ்சினைக் கடனுக்கு ஈடு வைத்திருந்தது. கட்டத் தவறியதால் மறுநாள் எஞ்சினை எடுக்க ஆள் வரும் என்று வளாகத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். எஞ்சின் போனால் படகு வெறும் பலகை. இளையதம்பி அதைக் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போனார். கஜானன் தேத்தண்ணீர் குடிக்காமலே புறப்பட்டான்.

“இண்டைக்கு ஒரு முடிவு கட்டிப்போட்டுத்தான் வருவன் அம்மா” என்று வாசற் படலையடியில் நின்று சொன்னான். மகாதேவிக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. அவனுடைய தொலைபேசியில் சார்ஜ் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது.

துருவம் வளாகம் கண்ணாடி போட்ட நாலு மாடிக் கட்டடம். புதிதாகச் சேர வருகிறவர்கள் முன்வாசலால் போவார்கள். அங்கே குளிர் காற்றும் தோடம்பழச் சாறும் உண்டு. நிலுவைக்காரர்கள் பின்னால், ஜெனரேற்றர் இரைகிற ஒழுங்கையால் போய்ப் படியேற வேண்டும். மேல்மாடியில் ஒரு கதவில் ‘மாணவர் மகிழ்ச்சிப் பிரிவு’ என்று எழுதியிருந்தது. கடன் அறவிடும் இடம் அதுதான். அதன் முகாமையாளர் ஜெயகௌரி நல்ல சேலை கட்டி, நல்ல சிரிப்போடு இருந்தார்.

“வணக்கம் தம்பி. இண்டைக்கு உம்மை எப்பிடி மகிழ்ச்சிப்படுத்தலாம்?”

“மிஸ், நாளைக்கு எஞ்சினை எடுக்க வருவினமாம். ஒரு ஆறு மாதம் பொறுத்தியள் எண்டா…”

“பொறுக்கலாம். அதுக்கு உமக்கு ஒரு நிரந்தர வேலை இருக்கோணும்.”

“நிரந்தர வேலை இருந்தா நான் ஏன் மிஸ் பொறுக்கச் சொல்லிக் கேக்கிறன்?”

“பாரும், என்ன தெளிவாய்க் கேக்கிறீர்! இப்பிடிக் கேக்க உமக்கு ஆர் பழக்கினது? எங்கடை வளாகம். அதுக்குத்தான் தம்பி காசு.”

கஜானன் படித்தது சர்வதேச வணிக முகாமைத்துவம். படித்து முடித்தபின் நெல்லியடியில் ஒரு கடையில் தொலைபேசிகளுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். அங்கே அவனுக்கு மேலாளராக இருந்தவன் அவனோடு பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை எழுதிவிட்டு, அதோடு படிப்பை நிறுத்தி, நேரே கடைக்கு வந்தவன். சம்பளம் போக்குவரத்துக்கும் வட்டியில் பாதிக்கும் போதும். மற்றப் பாதி முதலோடு சேர்ந்து அதுவும் வட்டி போடும். தான் படித்த பாடத்திலே இதற்கு ஒரு பெயர் இருந்தது என்பதுமட்டும் அவனுக்கு ஞாபகம்.

“இஞ்சை காசாளர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தியள். நானும் விண்ணப்பம் போட்டனான் மிஸ். அந்தச் சம்பளத்திலை கழிச்சாலும்…”

“எங்கடை பட்டதாரியளை நாங்கள் வேலைக்கு எடுக்கிறேல்லைத் தம்பி. தரத்திலை நாங்கள் சரியான கண்டிப்பு.”

அந்த நேரம் உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு பணிப்பாளர் கலாநிதி சிவகரன் வந்தார். அவர் யாரோடும் கதைப்பதில்லை, உரையாற்றுவார். மேடை இல்லாத இடத்தில் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொள்வார்.

“பட்டம் வேலைக்கு எண்டு உமக்கு ஆர் சொன்னது?” என்று கதிரையைப் பிடித்தார்.

“உங்கடை விளம்பரத்திலை இருந்தது சேர். ‘வெற்றி நிச்சயம்’ எண்டு.”

“வெற்றி நிச்சயம் எண்டுதான் போட்டனாங்கள். ஆற்றை வெற்றி எண்டு போடேல்லை. தம்பி, உம்மடை அப்பா கடலுக்குப் போறார். ஒரு நாளைக்கு மீன் படாது. ஏன் படேல்லை எண்டு அவருக்குச் சொல்லத் தெரியுமோ? உமக்கு வேலை கிடைக்கேல்லை. ஏன் கிடைக்கேல்லை எண்டு நீர் நாப்பது பக்கத்திலை ஆங்கிலத்திலை எழுதுவீர். உதுதான் கல்வி. உதுக்கு விலை வைக்க ஏலாது. அதாலைதான் நாங்கள் விரும்பின விலையை வைச்சிருக்கிறம்.”

ஜெயகௌரி மெல்லக் கைதட்டினார். அப்பா இப்போது கரைக்கு வந்திருப்பார், எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு மணலில் நடப்பார், நாளைக்கும் அப்படி நடப்பாரா என்பது இந்தக் கதிரையைப் பிடித்திருக்கிற மனிதரின் கையில் இருக்கிறது என்று கஜானன் நினைத்தான்.

“சேர், கடனை நிப்பாட்டி வைக்க ஒரு வழியும் இல்லையோ?”

“இரண்டு வழி இருக்கு. ஒண்டு, எங்களிட்டையே முதுமாணிப் பட்டம் படிக்கிறது. புதுக் கடன் எடுத்தீரெண்டா, அது முடியுமட்டும் பழைய கடன் நித்திரை கொள்ளும். மற்றது மரணம்.”

“மரணத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறம்” என்று ஜெயகௌரி விளக்கினார். “முழுக்காசும் கெதியா எங்கடை கைக்கு வந்திடும். ஈடும் அண்டைக்கே விடுபட்டிடும். செத்தவையாலை ஒரு கரைச்சலும் இல்லைத் தம்பி. உயிரோடை இருக்கிறவையோடைதான் மாரடிக்க வேண்டிக் கிடக்கு.”

அப்போது மேசையில் தொலைபேசி அடித்தது. பருத்தித்துறைப் பக்கம் கடன் சேர்க்கிற உத்தியோகத்தர் கதைத்தார். அவருடைய குரல் பெரிதாக இருந்தபடியால் அறை முழுவதும் கேட்டது.

“மிஸ், எங்கடை இளையதம்பி கஜானன் மோசம் போயிட்டாராம். சந்தியிலை படம் கட்டியிருக்கு. வீட்டிலை தறப்பாள் போட்டுப் பந்தல் கட்டுறாங்கள். ஒரே அழுகை.”

ஜெயகௌரி கணினியில் பெயரைத் தட்டிப் பார்த்தார். முகத்தில் துக்கம் வந்தது. துக்கத்துக்குப் பின்னால் வேறொன்றும் வந்தது. அதை அவர் அடக்கிக்கொண்டார். பிறகு கஜானனைப் பார்த்து, “தம்பி, நீரும் அந்தப் பக்கந்தானே? அவர் உமக்கு என்ன முறை?” என்று கேட்டார்.

“மிஸ், நான்தான் கஜானன்.”

“உமக்கு அதிர்ச்சியாய்த்தான் இருக்கும்.”

“ஐயோ மிஸ், நான்தான்! அம்மா வீட்டிலை தனிய. உந்த ஃபோனை ஒருக்கால் தாங்கோ, அம்மாவோடை கதைக்கோணும்.”

“வெளியழைப்பு எடுக்கிறதெண்டா கீழ்மாடியிலை அனுமதி எடுக்கோணும். நிலுவை இருக்கிறவைக்கு அனுமதி குடுக்கிறேல்லை.”

படலையடியில் நின்று தான் சொன்ன சொல் கஜானனுக்கு ஞாபகம் வந்தது. அம்மா அதைத்தான் நினைப்பாள். வேறொன்றையும் நினைக்கமாட்டாள்.

பழைய மாணவன் ஒருவன் செத்தால் அன்றைக்கே மலர்வளையத்தோடு போய் நிற்பது துருவம் வளாகத்தின் பெருமை. மலர்வளையம் எப்போதும் தயாராக இருந்தது. பிளாஸ்ரிக் பூ, தூசி தட்டினால் போதும். பட்டியில் பெயர்மட்டும் மாறும். சிவகரன் உள்ளே போய்த் தன் இரங்கலுரையை எடுத்து, பெயர் வரும் இடங்களில் பெயரை எழுதிக்கொண்டு வந்தார். ஜெயகௌரி கடன் விடுவிப்புக் கடிதத்தையும் தாய் கையெழுத்து வைக்க வேண்டிய காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டார். எல்லாம் மிக விரைவாக நடந்தது. அந்தக் கட்டடத்தில் எதுவும் அவ்வளவு விரைவாக நடந்து கஜானன் பார்த்ததில்லை.

பஸ்ஸைப் பிடித்துப் போக நேரம் ஆகும் என்று அவனும் வளாகத்தின் வான் வண்டியில் ஏறினான். ஒருவரும் தடுக்கவில்லை. பின் இருக்கையில் இடம் இல்லாதபடியால் மலர்வளையத்தை அவன் மடியில் வைத்தார்கள். பட்டியில் தன்னுடைய பெயரைப் பார்த்துக்கொண்டு அவன் இருந்தான்.

“சேர், நான் உயிரோடைதானே இருக்கிறன். கெதியாப் போகச் சொல்லுங்கோ. அம்மா தாங்கமாட்டா.”

சிவகரன் முன்னிருக்கையிலிருந்து திரும்பாமலே சொன்னார்: “தம்பி, நீர் உயிரோடை இருக்கிறீர் எண்டதை நான் மறுக்கேல்லை. ஆனா அதை நீர் எழுத்திலை தரேல்லை. மற்றது, பதாகை கட்டின செலவும் உம்மடை கணக்கிலைதான். அதையும் ஒருக்காப் பாத்துக்கொள்ளும்.”

“நீங்கள் கட்டின பதாகையோ?”

“வேறை ஆர் கட்டுறது?” என்றார் ஜெயகௌரி. தான் சொன்னதைத் தானே கேட்டு ஒரு கணம் வாயைத் திறந்தபடி இருந்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார். அதைப்பற்றி அந்த வானில் அதன்பின் யாரும் கதைக்கவில்லை.

வல்லைவெளியில் காற்று வானைப் பிடித்துத் தள்ளியது. சாரதி மெதுவாக ஓட்டினான். கஜானன் அவனைக் கெஞ்சினான், பிறகு ஏசினான், பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். இழவு வீட்டுக்குப் போகிறவன் அழுவது இயல்புதானே என்று ஜெயகௌரி கண்ணைத் துடைக்க ஒரு கடதாசிக் கைலேஞ்சி கொடுத்தார்.

வீட்டில் அதற்குள் எல்லாம் ஒழுங்காகியிருந்தது. சனசமூக நிலையத்திலிருந்து கதிரைகள் வந்துவிட்டன. முற்றத்தில் நீலத் தறப்பாள். ஒலிபெருக்கி கட்டியாயிற்று. அடுப்பு மூட்டாத வீடென்று பக்கத்து வீட்டுக் குணலட்சுமி வாளியில் பால் விடாத பிளேன்ரீ கொண்டு வந்து எல்லோருக்கும் ஊற்றினாள். உடல் யாழ்ப்பாணத்து ஆசுபத்திரியில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். யார் சொல்லித் தெரியும் என்று மற்றவர் கேட்கவில்லை. கடனால் ஏதும் செய்துபோட்டானோ என்று பெண்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள்.

மகாதேவி அழவில்லை. நடு விறாந்தையில் காலை நீட்டி இருந்துகொண்டு, கட்டிப்பிடிக்க வந்தவர்களை எல்லாம் கையால் விலக்கினாள். “என்ரை பிள்ளையைக் காட்டுங்கோ. காட்டிப்போட்டு அழுங்கோ” என்று ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். இளையதம்பி கடலில் நனைந்த சாரத்தோடு படலையைப் பிடித்துக்கொண்டு றோட்டைப் பார்த்தபடி நின்றார். அவர் கரையிலிருந்து தோளில் சுமந்து வந்த எஞ்சின் மதிலோடு சாய்ந்திருந்தது.

வான் வந்து நின்றதும் பிரேதம்தான் வருகிறது என்று சனம் எழும்பியது. ஒப்பாரி உச்சத்துக்குப் போனது. கதவு திறந்தது. கஜானன் கையில் மலர்வளையத்தோடு இறங்கினான்.

அழுகை ஒரேயடியாக நின்றது. ஒரு பெண் “முருகா” என்று கத்திவிட்டு விழுந்தாள். இளையதம்பி மகனின் தோளைப் பிடித்து, முகத்தைத் தொட்டு, மறுபடியும் தோளைப் பிடித்தார். மகாதேவி எழும்பி ஓடிவந்தாள். வந்தவள் முதலில் அவன் கன்னத்தில் அறைந்தாள். பிறகுதான் அழுதாள். அன்றைக்குக் காலையிலிருந்து மற்றவர்கள் அழுததையெல்லாம் அவள் ஒருத்தியாக அழுது தீர்த்தாள்.

இந்த இடத்தில் வேறு யாராவது என்றால் திரும்பிப் போயிருப்பார்கள். ஆனால் முற்றத்தில் ஒலிவாங்கி இருந்தது. சிவகரனிடம் எழுதிய உரை இருந்தது. அவர் நேரே போய் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார்.

“அன்பார்ந்த உறவுகளே! அமரர் கஜானன் எங்கள் வளாகம் ஈன்ற முத்து. அவர் இன்று எம்மோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? வேலை தேடியிருப்பார். நாளையும் தேடியிருப்பார். எங்கள் மாணவர்களிடம் நாங்கள் ஊட்டி வளர்க்கும் விடாமுயற்சி அது. அவருடைய கடன் முழுவதையும் வளாகம் இன்றே இரத்துச் செய்கிறது. மரணத்தைவிடச் சிறந்த மீள்கொடுப்பனவு இல்லை என்பது எமது அனுபவம். அத்தோடு, புதிய பிரிவுக்கான அனுமதிகள் தற்போது நடைபெறுகின்றன.”

ஜெயகௌரி கதிரை வரிசைகளுக்கிடையே நடந்து நிறத்தில் அடித்த துண்டுப்பிரசுரங்களைக் கொடுத்தார். சனம் வாங்கியது. கையில் தருவதை வாங்காமல் விடுவது எப்படி? குணலட்சுமி பிளேன்ரீ வாளியைக் கீழே வைத்துவிட்டு, “மிஸ், உங்கடை இடத்திலை தாதியர் படிப்பும் இருக்கோ? என்ரை மகள் வீட்டிலைதான் நிக்கிறாள்” என்று கேட்டாள். பக்கத்தில் கஜானன் உயிரோடு நிற்பதும், அவன் ஏன் அப்படி நிற்கிறான் என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல. தன் மகளுக்கு அப்படி நடக்காது என்று ஒவ்வொரு தாயும் நினைப்பதைத்தான் அவளும் நினைத்தாள்.

பிறகு ஜெயகௌரி விறாந்தைக்கு வந்து மகாதேவியின் பக்கத்தில் குந்தினார். கடன் விடுவிப்புக் கடிதத்தைக் காட்டினார். காப்புறுதிப் பத்திரத்தை மடியில் வைத்தார். பேனாவையும் நீட்டினார்.

“அம்மா, ஊரே வந்திட்டுது. பதாகை கட்டியாச்சு. பணிப்பாளரும் இரங்கலுரை சொல்லிட்டார். இனி உங்கடை கையெழுத்து ஒண்டுதான் குறை. வைச்சியள் எண்டா எஞ்சின் உங்களுக்கு. கடனும் இல்லை.”

“பிள்ளை உயிரோடை நிக்கிறானே?” என்றாள் மகாதேவி.

“அது பிரச்சினையில்லை அம்மா. வேறை பேரிலை அவரைத் திரும்ப முதலாம் ஆண்டுக்கு எடுப்பம். புதுக் கடன் தருவம். நல்ல பெடியன், தெளிவாய்க் கதைக்கிறார்.”

இளையதம்பி மதிலோடு சாய்ந்திருந்த எஞ்சினைப் பார்த்தார். பார்த்ததற்காக வெட்கப்பட்டவர்போல உடனே கண்ணை எடுத்து நிலத்தைப் பார்த்தார். கஜானன் அதைக் கண்டான். “வையுங்கோ அம்மா” என்று மெல்லச் சொன்னான். “ஒரு கடதாசிதானே.”

மகாதேவி பேனாவை வாங்கினாள். சிறிது நேரம் வைத்திருந்தாள். பிறகு அதை மூடி, ஜெயகௌரியின் கைப்பைக்குள் தானே வைத்துவிட்டாள்.

“காலமையிலை இருந்து இவன் செத்திட்டான் எண்டு ஊர் முழுக்கச் சொல்லிச்சுது. நான் ஓம் எண்டு சொல்லேல்லை. உங்கடை எஞ்சினுக்காகவோ இப்ப ஓம் எண்டு எழுதித் தாறது? கொண்டுபோங்கோ. கழட்டித்தான் கிடக்கு.”

எஞ்சின் அவர்களுடையதுதான், வளாகத்தினுடையதல்ல என்பது அவளுக்கு அந்த நேரம் நினைவில்லை. மற்றவர்களுக்கும் நினைவில்லை. அதைத் திருத்திச் சொல்ல வளாகம் அவசரப்படவில்லை.

சனம் எழும்பியது. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் விடைபெறுவதில்லை. ‘போட்டு வாறன்’, அதாவது போய்விட்டு வருகிறேன், என்று அங்கே சொல்லக்கூடாது. திரும்பி வரவேண்டிய காரியமாக அது இருக்கக்கூடாது. பிரேதம் இல்லாவிட்டாலும் பழக்கம் பழக்கம்தானே. ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல், ஒழுங்கையில் இறங்கிப் போனார்கள். குணலட்சுமியும் துண்டுப்பிரசுரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வெறும் வாளியோடு, பேசாமல் போனாள்.

கடைசியாகச் சிவகரன் படலைக்கு வந்தார். சாரதி மலர்வளையத்தைத் தூக்கித் திரும்ப வானுக்குள் வைத்தான். நாளைக்கு வேறெங்கும் தேவைப்படலாம். சிவகரன் கைகூப்பிச் சிரித்தார்.

“அப்ப நாங்கள் போட்டு வாறம்.”

“செத்தவீட்டிலை உப்பிடிச் சொல்லுறேல்லை ஐயா” என்றார் இளையதம்பி.

“இது செத்தவீடு இல்லையே அண்ணை. மகன் உயிரோடைதானே நிக்கிறார்?”

அடுத்த நாள் இரண்டு பேர் வந்து எஞ்சினைத் தூக்கிப் பட்டா என்கிற சின்ன லொறியில் ஏற்றினார்கள். அதன் விலை வட்டிக்குத்தான் போதும், முதல் அப்படியே நிற்கிறது என்று ஒரு துண்டில் எழுதிக் கஜானனிடம் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டு பேரும் நல்ல மரியாதையான பெடியன்கள். மகாதேவி கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தார்கள். புறப்படும்போது அவர்களும், “போட்டு வாறம் அம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.